சொந்த வீட்டுக்கு நீங்களே கான்ட்ராக்டரா? முதல்ல உங்க லீவு எத்தனை நாள்னு எண்ணுங்க



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டைப் பெரிசாக்கணும், கிச்சனைப் பின்னால இழுத்துக் கட்டணும்னு நினைக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க. கட்டுற எண்ணம் இல்லாதவங்களும் படிங்க. ஏன்னா பந்தியில பக்கத்துல உட்கார்ந்து யோசனை சொல்றது பெரும்பாலும் நீங்கதான்.

சில மாசமா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சி சாப்பாட்டு மண்டபத்துல ஒரே பேச்சு. "கான்ட்ராக்டர் எல்லாம் கொள்ளையடிக்கிறானுங்க. நீங்களே சாமான் வாங்கி, நீங்களே ஆள் பிடிச்சி செய்யுங்க. 30 பர்சன்ட் மிச்சம்." ஒருத்தர் சொல்றார், நாலு பேர் தலையாட்டுறாங்க. அடுத்த வாரம் அந்த நாலு பேரும் வேற நாலு பேருக்குச் சொல்றாங்க. இந்த 30 பர்சன்ட் கணக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு நாங்க கேட்டுப் பார்த்தோம். ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. பில் வச்சிருக்கிறவங்களும் இல்ல.

நாங்க கோயில் தொண்டர்கள். பந்தல் போடுறோம், அண்டா தூக்குறோம், திருவிழா முடிஞ்சா மண்டபம் கழுவுறோம். எங்கள்ல பாதிப் பேர் கிள்ளான் சுத்து வட்டார ஃபேக்டரிகள்ல சூப்பர்வைசரா, டெக்னீஷியனா வேலை செய்றவங்க. மேற்பார்வைன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான் சம்பளம் வாங்குறோம். அதனால நேராவே சொல்றோம். வேலைக்குப் போய்க்கிட்டே சொந்த வீட்டுக்கு நீங்களே கான்ட்ராக்டரா நிக்காதீங்க. தூண், பீம், ஸ்லாப், கூரை, தண்ணிக் குழாய் சம்பந்தப்பட்ட வேலைன்னா வேண்டவே வேண்டாம்.

இதுல பலருக்குக் கோபம் வரும். பரவாயில்ல. படிச்சிட்டுக் கோபப்படுங்க.

கான்ட்ராக்டர் காசு எதுக்குப் போகுது?

ஒரு சாதாரண டெர்ரஸ் வீட்டுக்குப் பின்னால கிச்சன் இழுக்கணும்னா எத்தனை பேர் வரணும்னு எண்ணிப் பாருங்க. பழசை உடைக்கிறவர், அஸ்திவாரம் தோண்டுறவர், கம்பி கட்டுறவர், பலகை அடிக்கிறவர், கல்லு கட்டிப் பூசுறவர், வயர்மேன், பிளம்பர், வாட்டர்புரூஃப் அடிக்கிறவர், டைல் ஒட்டுறவர், கூரை போடுறவர், சீலிங், ஜன்னல் கிரில், கேபினட், பெயிண்ட். பதினாலு விதமான வேலை. எல்லாருமே அவங்கவங்க வேலையில கெட்டிக்காரங்களாவே இருக்கட்டும். ஒருத்தர் முடிச்சி இன்னொருத்தர் ஆரம்பிக்கிற இடம் இருக்கு பாருங்க, அந்த இடத்தை யார் பார்க்கிறது?

ஃபேக்டரியில வேலை செய்றவங்களுக்கு இது நல்லாப் புரியும். லைன்ல ஆறு மெஷின், ஆறு ஆப்பரேட்டர். ஆறு பேரும் நல்ல ஆளுங்கதான். "அப்ப சூப்பர்வைசர் எதுக்கு, அவன் சம்பளம் மிச்சம்"னு எந்த முதலாளியாவது சொல்லியிருக்காரா? ரிஜெக்ட் வர்றது பெரும்பாலும் ஒரு மெஷினுக்கும் அடுத்த மெஷினுக்கும் நடுவுலதான்.

வீட்டுலயும் அதேதான். வயர்மேனும் பிளம்பரும் செவுத்தை வெட்டிக் குழாய் வச்ச பிறகுதான் பூசணும். பூசின பிறகு வாட்டர்புரூஃப். அது காய்ஞ்ச பிறகு தண்ணி கட்டி 24 மணி நேரம் நிறுத்திப் பார்த்து, கீழ ஒழுகலன்னு உறுதி செஞ்ச பிறகுதான் டைல். இந்த வரிசையில ஒண்ணு முன்னப் பின்ன போனா, காசு ரெண்டு தடவை போகும்.

எங்க தாமான்ல ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்றோம். மேல்மாடி பாத்ரூம் வேலை. வீட்டுக்காரரே எல்லா ஆளையும் தனித்தனியா பிடிச்சார். டைல்காரருக்குத் திங்கட்கிழமை வேற இடத்துல வேலை. அதனால சனிக்கிழமையே வந்து ஒட்டிட்டுப் போயிட்டார். தண்ணி கட்டிப் பார்க்கல. ரெண்டு மாசத்துல கீழ சாமி ரூம் சீலிங்ல ஈரம். பிளம்பரைக் கூப்பிட்டா, "என் குழாய் நல்லாதான் இருக்கு, டைல் வேலை சரியில்ல"ங்கிறார். டைல்காரரைக் கூப்பிட்டா, "வாட்டர்புரூஃப் சரியில்ல"ங்கிறார். வாட்டர்புரூஃப் அடிச்சவர் போனே எடுக்கல. மூணு பேரும் முழுக் காசும் வாங்கிட்டாங்க. கடைசியில எல்லா டைலையும் உடைச்சி முதல்ல இருந்து செஞ்சாங்க. ஒரே கான்ட்ராக்டரா இருந்திருந்தா, யார் தப்பா இருந்தாலும் போய் நிக்க வேண்டிய வாசல் ஒண்ணுதான். கான்ட்ராக்டர் மேல போட்டு வாங்குற காசுல பெரிய பங்கு அந்த ஒரு வாசலுக்குத்தான்.

லீவுக் கணக்கு

1955 வேலைச் சட்டப்படி, ஒரே கம்பெனியில 5 வருஷத்துக்கு மேல இருந்தா வருஷத்துக்குக் குறைஞ்சது 16 நாள் லீவு. 2 வருஷத்துல இருந்து 5 வருஷத்துக்குள்ளன்னா 12 நாள். ஒரு கிச்சன் எக்ஸ்டென்ஷன் மழை, சாமான் தட்டுப்பாடு எல்லாம் சேர்த்து ரெண்டு மூணு மாசம் சாதாரணமா இழுக்கும். நோன்புப் பெருநாள் வந்தா இந்தோனேசிய ஆளுங்க ஊருக்குப் போயிடுவாங்க. சீனப் பெருநாள் வந்தா ஹார்ட்வேர் கடை மூடியிருக்கும். மூணு மாசத்துல எழுபது எழுபத்தஞ்சு வேலை நாள். உங்க 16 நாள் லீவு எந்த மூலைக்கு?

மீதிக்குச் சம்பளமில்லா லீவு எடுக்கலாம்னு வைங்க. மாசம் 4,500 வெள்ளி சம்பளம்னா, 26ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 173 வெள்ளி. 20 நாள் எடுத்தா கிட்டத்தட்ட 3,460 வெள்ளி போச்சு. ஓடி போச்சு. ஒழுங்கா வேலைக்கு வந்ததுக்குக் கொடுக்கிற அலவன்ஸ் இருந்தா அதுவும் போச்சு. இது ஒண்ணும் "மிச்சம்" கணக்குல வரல.

லீவே எடுக்காம, "காலையில போறதுக்கு முன்னாடி ஒரு பார்வை, சாயங்காலம் ஒரு பார்வை"ன்னு சொல்றவங்க இருக்காங்க. கான்கிரீட் ஊத்துறது காலை பத்து மணிக்கு. நீங்க சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பார்க்கும்போது உள்ள கம்பி எத்தனை வச்சான், எந்தத் தடிப்புல வச்சான்னு எந்தக் கண்ணாலயும் பார்க்க முடியாது. தண்ணி அதிகமா கலந்து கொழகொழன்னு ஊத்தினானான்னும் தெரியாது. இந்த வேலையில பூசி மூடினதுக்கு அப்புறம் பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.

"நானே பார்த்துக்கிறேன்"னா உண்மையில பார்க்கிறது யாரு?

இதைக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கிட்டே கேளுங்க, ஐயாமாரே. "நானே கான்ட்ராக்டர்"னு நீங்க கோயில்ல சொல்றீங்க. வீட்டுல யார் நிக்கிறா? உங்க வீட்டம்மா. காலையில ஏழரைக்கு கேட் திறந்து விடுறது அவங்க. மணல் லோரி வந்து பக்கத்து வீட்டு வாசலை மறிச்சா, அந்த வீட்டுக்காரங்ககிட்ட மன்னிப்புக் கேட்கிறது அவங்க. சிமெண்ட் 40 மூட்டை வந்துச்சா 36 வந்துச்சான்னு எண்ணிக் கையெழுத்துப் போடுறது அவங்க. தெரியாத ஆம்பளைங்க அஞ்சாறு பேர் நாள் முழுக்க வீட்டுக்குள்ள இருக்க, கிச்சன் இல்லாம போர்ச்சுல அடுப்பு வச்சி சமைக்கிறது அவங்க. சாயங்காலம் நீங்க வந்து, "இதை ஏன் இப்படி விட்டே?"ன்னு அவங்க மேலயே எரிஞ்சி விழுறீங்க.

விளக்குப் பூஜைக்கு வர்ற அம்மாமார்கள் எங்ககிட்ட இதைச் சொல்லி அழுதிருக்காங்க. மூணு மாசச் சம்பளமில்லாத வேலையை வீட்டுப் பொம்பளை தலையில கட்டிட்டு, அதுக்கு மிச்சம்னு பேர் வைக்காதீங்க.

மண்ணும் சட்டமும்

கிள்ளான் பக்கம் நிறைய இடத்துல மண்ணு மெத்துன்னு களிமண்ணு. டெவலப்பர் கட்டின பழைய வீடு பைலிங் மேல நிக்கும். நீங்க பின்னால கட்டுற புதுக் கிச்சன் சும்மா மேல்மண்ணு மேல நிக்கும். ரெண்டும் ஒரே அளவா இறங்காது. ரெண்டு மூணு வருஷத்துல பழைய செவுரும் புதுச் செவுரும் சேருற இடத்துல மேல இருந்து கீழ வரைக்கும் விரிசல் விழும். நம்ம தாமான்ல ஒரு சுத்து சுத்தி வாங்க, எத்தனை வீட்டுல அந்த விரிசலுக்குச் சிமெண்ட் பூசி மறைச்சிருக்காங்கன்னு பாருங்க. இதுக்கு இன்ஜினியர் கணக்கு வேணும். வேலைக்கு வர்ற ஆளுகிட்ட, "பாங், ஓகேயா?"ன்னு கேட்டா, "ஓகே பாஸ்"னுதான் சொல்லுவான். அவன் அடுத்த வருஷம் இங்க இருக்க மாட்டான்.

பெர்மிட் விஷயம். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டட சட்டப்படி, அதாவது சட்டம் 133 படி, உள்ளூர் கவுன்சில் அனுமதி இல்லாம வீட்டை இழுத்துக் கட்டக் கூடாது. அனுமதி இல்லாம கட்டினா உடைக்கச் சொல்ல அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. பிளான் வரைஞ்சி அனுப்பத் தகுதி உள்ளவங்க வேணும். "எல்லாரும் பெர்மிட் இல்லாமதானே கட்டுறாங்க"ன்னு சொல்லாதீங்க. டெர்ரஸ் வீட்டுல செவுரு பொதுச் செவுரு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தா போதும்.

ஆளுங்க விஷயம் அதைவிடப் பெரிசு. நாள் கூலிக்கு நீங்களே ஆள் பிடிக்கிறீங்க. அவன்கிட்ட பெர்மிட் இருக்கான்னு பார்த்தீங்களா? குடிநுழைவுச் சட்டம் 55B பிரிவு என்ன சொல்லுதுன்னா, செல்லுபடியாகும் பாஸ் இல்லாத வெளிநாட்டு ஆளை வேலைக்கு வச்சா, ஒரு ஆளுக்கு 10,000 வெள்ளியில இருந்து 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல 12 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். அஞ்சு பேருக்கு மேல வச்சிருந்தா பிரம்படியும் இருக்கு. நாள் கூலி கொடுத்து வேலை வாங்குறது நீங்கன்னா, அங்க வந்து நிக்கிற அதிகாரி யாரைத் தேடுவார்?

அந்த ஆள் சாரத்துல இருந்து விழுந்தா? யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது, யார் பில் கட்டுறது? கான்ட்ராக்டர்கிட்ட, "உங்க ஆளுங்களுக்குச் சொக்சோ இருக்கா, சிஐடிபி பச்சை அட்டை இருக்கா?"ன்னு நாம கேட்கலாம். 2019 ஜனவரியில இருந்து சட்டப்படி வேலை செய்ற வெளிநாட்டு ஆளுங்களுக்கும் சொக்சோ உண்டு. நீங்களே பிடிச்ச ஆளுக்கு இதெல்லாம் யார் பார்த்தா? சனிக்கிழமை அன்னதானத்துக்கு உபயம் எழுதுறோம், புண்ணியம்தான். ஆனா நம்ம வீட்டுக் கூரையில இருந்து விழுந்தவனை ராத்திரியோட ராத்திரியா அவன் கூட்டாளிங்க தூக்கிக்கிட்டுப் போகட்டும்னு கதவைச் சாத்திக்கிட்டா, அந்தப் புண்ணியத்தை எந்தக் கணக்குல எழுதுறது?

"கான்ட்ராக்டர் ஓடிட்டா என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்வி நியாயமானது. டெபாசிட் வாங்கிட்டு ஓடினவங்க இருக்காங்க. நம்ம கோயிலுக்கு வர்ற குடும்பங்களே ஏமாந்திருக்கு. ஆனா பஸ் டிரைவர் சரியில்லன்னு நாமே பஸ் ஓட்டப் போறதில்ல. நல்ல டிரைவரைப் பார்க்கிறோம். செய்ய வேண்டியது இதுதான்.

1994ஆம் ஆண்டு சட்டம் 520 படி, சிஐடிபியில பதிவு செய்யாதவங்க கட்டுமான வேலை எடுக்கக் கூடாது. பதிவு இருக்கான்னு பேரைப் போட்டுப் பாருங்க. "நம்ம ஆளு, நம்ம கோயில் ஆளு"ங்கிறதுக்காக இதை விட்டுடாதீங்க. நம்ம ஆளா இருந்தா இன்னும் நல்லாக் கேளுங்க.

மூணு கொட்டேஷன் எழுத்துல வாங்குங்க. "கிச்சன் வேலை முழுசும், 80,000 வெள்ளி"ன்னு ஒரே வரியில எழுதிக் கொடுத்தா அது கொட்டேஷன் இல்ல. கம்பி என்ன தடிப்பு, எத்தனை பிளக் பாயிண்ட், டைல் சதுர அடி என்ன விலைன்னு பிரிச்சி இருக்கணும்.

முன்பணம் பாதி கேட்டா எழுந்து வந்துடுங்க. அஸ்திவாரம் முடிஞ்சா இவ்வளவு, கூரை முடிஞ்சா இவ்வளவுன்னு வேலைக்குப் பின்னால காசு போகணும். கடைசியில ஒரு பங்கைப் பிடிச்சி வச்சி, சில மாசம் மழையில நனைஞ்ச பிறகு கொடுங்க. டெவலப்பர்கிட்ட புது வீடு வாங்கும்போது 24 மாசம் குறைகளைச் சரி செஞ்சி கொடுக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு இல்லையா, அந்த மாதிரி உங்க ஒப்பந்தத்துலயும் ஒரு காலம் எழுதி வாங்குங்க. நீங்களே கான்ட்ராக்டர்னா அந்தக் காலத்தை யார்கிட்ட எழுதி வாங்குவீங்க? கண்ணாடியைப் பார்த்துக் கேட்பீங்களா?

அப்படியும் ஏமாத்தினா, பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு. 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம். ஆனா பேர், கம்பெனி, ரசீது வேணும். கையில ரொக்கமா வாங்கிட்டுப் போன பதினாலு பேர் மேல எந்தப் பேரை எழுதிக் கொடுப்பீங்க?

"அந்தக் காலத்துல நாமே கட்டலையா?"

கட்டினோம். எஸ்டேட்ல இருந்து வெளிய வந்து கம்பத்துல பலகை வீடு, தகரக் கூரை. ஊரே வந்து ஒரு தூணைப் பிடிச்சாங்க. பொதுச் செவுரு இல்ல, ஏர்கான் இல்ல, வாட்டர் ஹீட்டர் இல்ல, மேல்மாடி பாத்ரூம் இல்ல. ஒரு பலகை சரியில்லன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை பிடுங்கி மாத்தலாம். கான்கிரீட் பீமை அப்படி மாத்த முடியாது.

"நீங்க கோயில் வேலையை நீங்களே செய்றீங்களே?"ன்னும் கேட்கிறாங்க. பந்தல் போடுறோம், மூணு நாள்ல பிரிச்சிடுறோம். பெயிண்ட் அடிக்கிறோம். திருப்பணின்னு வரும்போது கோபுரத்துல நாங்க கை வைக்கிறோமா? ஸ்தபதி வர்றார், இன்ஜினியர் வர்றார். நாங்க கல்லு தூக்கிக் கொடுத்துட்டுத் தள்ளி நிக்கிறோம்.

இன்னொண்ணு. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சிட்டு வேலையைத் துரத்தாதீங்க. கான்கிரீட்டோட பலத்தை 28ஆம் நாள்லதான் கணக்குப் பார்ப்பாங்க. முதல் ஏழு நாளாவது ஈரம் காயாம வச்சிருக்கணும். நாள் நெருங்கிடுச்சுன்னு முட்டுக்கொடுத்த கட்டையைச் சீக்கிரம் உருவச் சொல்றது யாரு? கான்ட்ராக்டர் இருந்தா, "முடியாது"ன்னு சொல்ல ஒரு ஆள் இருக்கான். நீங்களே கான்ட்ராக்டர்னா உங்களுக்கு "முடியாது"ன்னு சொல்ல யாரும் இல்ல. வீடு முடியட்டும், அப்புறம் ஐயர்கிட்ட போய் நாள் கேளுங்க. நல்ல நாள் அடுத்த மாசமும் வரும்.

அப்ப நாமே எதையும் செய்யக் கூடாதா?

செய்யலாம். பெயிண்ட், கிரில், கேபினட், விளக்கு, திரைச்சீலை இதெல்லாம் தாராளமா நீங்களே ஆள் வச்சிச் செய்யுங்க. தப்பு நடந்தாலும் வீடு விழாது. டைல், பாத்ரூம் சாமான் நீங்களே கடையில வாங்கிக் கொடுக்கலாம். ஆனா டைல் பத்துல ஒரு பங்கு கூடுதலா, ஒரே பேட்ச் நம்பரா வாங்குங்க. உடைஞ்சா யார் காசுன்னு முதல்லயே பேசி எழுதிடுங்க. கரண்ட் வேலைக்கு மட்டும் சுருஹான்ஜாயா தெனாகாவுல பதிவு பெற்ற ஆள்தான். அதுல சமரசமே வேண்டாம்.

பெரிய வேலையையும் நானே எடுத்துச் செய்யலாம்னு சொல்லத் தகுதி உள்ளவங்க உண்டு. கட்டுமான வேலையிலயே இருந்து ஓய்வு பெற்றவர், நாள் முழுக்க சைட்ல நிக்க உடம்பும் நேரமும் உள்ளவர், இன்ஜினியர் பிளானும் பெர்மிட்டும் கையில உள்ளவர், எதிர்பாராம வர்ற செலவுக்குத் தனியா பணம் வச்சிருக்கிறவர். இந்த நாலும் இருந்தா செய்யுங்க, நாங்களே வந்து தேங்காய் உடைக்கிறோம். நாலுல ஒண்ணு இல்லன்னாலும் வேண்டாம்.

முக்கியமா இந்தப் பணம் எங்க இருந்து வருதுன்னு நினைச்சிப் பாருங்க. 2024 மே 11ல இருந்து ஈபிஎஃப் மூணு கணக்கா பிரிஞ்சிருக்கு. புதுசாப் போடுற பணத்துல பத்துல ஒரு பங்கு போற ஃபிளெக்சிபல் கணக்குல எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். எடுத்துக் கிச்சன்ல போடுறவங்க நம்மள்லயே இருக்காங்க. இது முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசு. ஒரு தடவைதான் செலவு பண்ண முடியும். பந்தியில பக்கத்துல உட்கார்ந்தவர் சொன்ன 30 பர்சன்ட்டை நம்பி அதை மண்ணுல கொட்டாதீங்க. நீங்க வீடு கட்டும்போது அவர் வந்து ஒரு நாள் நிப்பாரான்னு கேட்டுப் பாருங்க.

கொட்டேஷன் கையில இருக்கிறவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சி மண்டபத்துக்குக் கொண்டு வாங்க. எங்கள்ல வயரிங் தெரிஞ்சவங்க இருக்காங்க, பிளம்பிங் தெரிஞ்சவங்க இருக்காங்க. உட்கார்ந்து வரிவரியா பார்த்துச் சொல்றோம். காசு வேண்டாம், கமிஷனும் வேண்டாம், எந்தக் கான்ட்ராக்டர் பேரையும் நாங்க சொல்ல மாட்டோம். என்ன கேள்வி கேட்கணும்னு மட்டும் சொல்லித் தர்றோம்.

வீடு கட்டப் போற உங்க சொந்தக்காரங்க யாராவது இருந்தா இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க. மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா கீழ எழுதுங்க. ஆனா 30 பர்சன்ட் மிச்சம்னு எழுதுறவங்க, தயவு செஞ்சி பில்லோட வாங்க.



கோயில் தொண்டர் குழு